ஏழாம் தாளில் முழுப் புள்ளி

அருளப்பு அண்ணையின் இலக்கம் தொலைபேசியில் விழுந்தபோது நான் அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு, மேசையில் பெயர்ப்பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை காலை. அந்த நேரத்தில் அவர் எடுப்பது வழக்கம். "சொல்லுங்கோ அண்ணை, இண்டைக்கு ஆர் ஆருக்கு எடுக்கப் போறியள்?" என்று கேட்டேன்.

"அன்ரி, இது ஜெரோம். அப்பா போயிட்டார். மோர்னிங், நித்திரையில."

சிலுவை அடையாளம் போட்டேன். நித்திய இளைப்பாற்றிச் செபத்தைத் தொடங்கினேன். பாதி வார்த்தையில் மனம் பட்டியலுக்குப் போய்விட்டது. அறுபத்து நான்கு பேரில் அண்ணை இருபத்தாறு பேருக்கு அழைத்து முடித்திருந்தார். இன்னும் முப்பத்தெட்டு. ஒரு நல்ல மனிதர் இறந்த செய்தி கேட்ட நிமிடத்தில் அவருக்காக ஒரு செபத்தைக்கூட முழுதாகச் சொல்லாமல் ஆள் எண்ணியதற்காகப் பாவசங்கீர்த்தனத்தில் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். மன்னிப்புக் கிடைத்தது. பயம் போகவில்லை.

அந்தப் பயம் என்னவென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அண்ணையும் நானும் சேர்ந்து எழுதிய அறிக்கையை உங்களில் பலர் வாசித்திருக்கிறீர்கள். ஏரிக்கு அந்தப் பக்கம், எல்லைக்கு அப்பால் உள்ள மாநிலத்தின் ஆளுநர் சுற்றாடலுக்கு என்ன செய்தார், என்ன செய்யவில்லை என்று பன்னிரண்டு தாளில், பரீட்சைக்குப் போடுகிற மாதிரிப் புள்ளி போட்ட அறிக்கை அது. அதன் ஏழாம் தாள் பிழை. அந்தத் தாளை நம்பி, எங்கேயோ ஒரு வீட்டில், சோதிக்கப்படாத கிணற்றுத் தண்ணீரை ஒரு பிள்ளை குடித்துக்கொண்டிருக்கலாம். முப்பத்தோராம் நாள் பூசைக்கு வருகிற எல்லோருடைய கையிலும் இந்த நினைவு மலர் இருக்கும் என்பதால்தான் இதில் எழுத இடம் கேட்டேன்.

*

அண்ணையை நான் முதலில் சந்தித்தது பங்குக் கோவில் மண்டபத்தின் அறிவித்தல் பலகைக்கு முன்னால். கோடைகாலச் சுற்றுலாவுக்கு நான் எழுதி ஒட்டிய தாளைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆர் உதை எழுதினது?"

"நான்தான்."

"எழுத்து வடிவு. பஸ் எத்தினை மணிக்கு எண்டு இருக்கு. எங்கையிருந்து எண்டு இல்லை. சனம் எங்கை போய் நிக்கிறது, வானத்திலையோ?"

எனக்கு முகம் சிவந்துவிட்டது. பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். இங்கிலீசைக்கூட ஓர் அகராதியையும் பங்கு மடலையும் வைத்துக்கொண்டு, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு நானாகத்தான் படித்தேன். வீட்டு வரவு செலவை எழுதுவது மாதிரி எதையும் கொப்பியில் எழுதி வைக்கிற பழக்கம் மட்டும் இருந்தது. அதை அறிந்த பிறகுதான் அவர் என்னோடு ஒழுங்காகக் கதைக்கத் தொடங்கினார்.

யாழ்ப்பாணம் கச்சேரியில், அரசாங்க அதிபர் அலுவலகத்தில், இருபத்திரண்டு வருடம் எழுதுவினைஞராக இருந்தவர். இங்கே வந்து நகர மத்தியில் ஓர் அலுவலகக் கட்டிடத்தில் காவல் வேலை பார்த்தார். அங்கேயும் பதிவுப் புத்தகத்தை அவர் சும்மா விடவில்லை. எந்தக் கதவு எத்தனை மணிக்குத் திறந்தது, எந்த மாடியில் எந்த விளக்கு அணையவில்லை என்று எல்லாவற்றையும் எழுதினாராம். மேற்பார்வையாளர் அலுத்துப்போய், முக்கியமானதை மட்டும் எழுதச் சொன்னார். "முக்கியமோ இல்லையோ எண்டது பிறகுதானே தெரியும், சேர்" என்று இவர் சொன்னார். இதை எங்களுக்குச் சொல்லும்போதெல்லாம் அந்த 'சேர்' என்ற சொல்லைக் கொஞ்சம் இழுத்துச் சொல்லுவார்.

*

ஆளுநரின் விசயம் என் தங்கை ரூபியால் வந்தது. அவள் கல்யாணம் முடித்து அந்த மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறாள். அந்தப் பக்கத்து ஊர்களில் எங்கள் ஆட்கள் கொஞ்சப் பேர் இருக்கிறார்கள். பலர் இங்கிருந்து போனவர்கள். நகரத் தண்ணீர் குழாய் அங்கே வராது. வீட்டு வளவுக்குள் இறக்கிய குழாய்க் கிணறுதான். ரூபியின் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், உலோகத்துக்கு முலாம் பூசுகிற பழைய தொழிற்சாலை ஒன்று இருக்கிறது. அந்தக் கழிவு நிலத்துக்குள் இறங்கியிருக்கிறது என்று ஊருக்குள் ஒரு கதை. அதனால் அவர்கள் குடிக்கவும் சமைக்கவும் போத்தல் தண்ணீர் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

தேர்தலுக்கு முந்திய வசந்தத்தில் ரூபி தொலைபேசி எடுத்தாள். "அக்கா, உந்தக் கவர்னர் எங்கை போனாலும் தண்ணி தண்ணி எண்டுதான் கதைக்கிறார். உண்மையிலை ஏதும் செய்தவரோ, சும்மா வாயோ? எனக்கு முதல் வோட். பிழையாப் போடக்கூடாது."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய அண்ணையிடம் கேட்டேன். அவர் சிரித்தார்.

"எங்கட ஊரில ஆளுநர் எண்டால் கொழும்பாலை அனுப்பிற ஆள். இஞ்சை எண்டால் ராசாவுக்குப் பதிலாக் கையெழுத்து வைக்கிற ஆள். அங்கை அப்பிடி இல்லைத் தங்கச்சி. சனம் வோட் போட்டு வாற ஆள். சட்டத்தை மறிக்கலாம், காசை வெட்டலாம், அதிகாரியை வைக்கலாம், தூக்கலாம். உவரைக் கேக்க வேண்டிய கேள்வி கனக்க இருக்கு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒரு ஃபைல் துறப்பம்" என்றார்.

அதன் பிறகு ஒவ்வொரு வியாழக்கிழமையும் நான் டோர்செட் பார்க்கிலிருந்து பஸ் எடுத்து, கென்னடியில் சப்வேக்கு மாறி, சென் ஜேம்ஸ் ரவுணில் அவர்களுடைய பதினேழாம் மாடிக்குப் போவேன். மின்தூக்கி வேலை செய்கிற நாள் நல்ல நாள். கதவைத் திறக்கும்போதே அண்ணையின் மனைவி செசிலி அக்கா உள்ளே பார்த்துச் சொல்லுவா: "இஞ்சாருங்கோ, உங்கட செக்ரட்டறி வந்திட்டா. அந்தக் கவர்னர் உங்கள் ரெண்டு பேருக்கும் பென்சன் தரப்போறாராம்." தேநீரும் தருவா, ஏச்சும் தருவா.

முதல் மூன்று வியாழக்கிழமையும் ஆளுநரைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. எதைக் கணக்கில் எடுப்பது, எதை விடுவது என்பதிலேயே போனது. அவர் சொன்னதற்குப் புள்ளி இல்லை என்று முடிவெடுத்தோம். கையெழுத்து வைத்த சட்டம், மறித்த சட்டம், ஒதுக்கிய பணம், நியமித்த ஆள், கொடுத்த அனுமதி, போட்ட தண்டம். இவ்வளவும்தான். காற்று, கிணறு என்று ஒவ்வொரு விசயத்துக்கும் ஒரு தாள். தாளின் இடது பக்கத்தில் அவர் கொடுத்த வாக்குறுதி, வலது பக்கத்தில் அதற்கு நடந்தது, கீழே அது எந்த அரச ஆவணத்தில் இருக்கிறது என்ற குறிப்பு. பத்திரிகைத் தலைப்பை ஆதாரமாக எடுக்க அண்ணை விடமாட்டார்.

ஆளுநர் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு மரம் நடுகிற படம் ஒன்று எங்கே பார்த்தாலும் இருந்தது. எனக்கு அந்தப் படம் பிடித்திருந்தது. அதற்கு அரைப் புள்ளியாவது போடுவோம் என்றேன்.

"கண்டறியாத மரம்" என்று அண்ணை நக்கலடித்தார். "அவர் நட்டது ஒண்டு. றோட்டுப் போட வெட்ட விட்டது எத்தினை எண்டு பேர்மிற்றில கிடக்கு. அதை எண்ணிப்போட்டு வா, பிறகு மரத்துக்கு மார்க்ஸ் போடுவம்."

இரண்டு வியாழக்கிழமை அதற்கே போனது. எண்ணினேன். அரைப் புள்ளி போடவில்லை.

இன்னொரு நாள் நான் மறுபக்கமாகப் பிழைவிட்டேன். அந்த ஆளுநருடைய வேறொரு கொள்கை என் விசுவாசத்துக்கு ஒத்துவராதது. அதை மனதில் வைத்துக்கொண்டு, காற்றைப் பற்றிய தாளில் அவருக்குப் புள்ளியைக் குறைத்துப் போட்டிருந்தேன். அண்ணை தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உது சுற்றாடல் ஃபைல். மற்றதுக்கு நீர் ஆண்டவரிட்டை வேற ஃபைல் துறவும்" என்றார். என்னை 'நீர்' என்று கூப்பிட்டால் அவருக்குக் கோபம் என்று அர்த்தம். அழிறப்பரை எடுத்துத் தந்தார்.

நிலக்கரி மின்நிலையத்தை மூடிய தாளில் அவரே நின்று யோசித்தார். மூடுவதற்கான சட்டத்தில் கையெழுத்து வைத்தவர் முந்திய ஆளுநர். இவர் பதவிக்கு வந்த பிறகு அது நடந்து முடிந்தது. மூடுகிற விழாவில் இவர் போய் நின்று பேசினார். "ஆரின்ரையோ கலியாண வீட்டில போய் மாப்பிள்ளை மாதிரி நிண்டிருக்கிறார்" என்று நான் சொன்னேன். அண்ணை சிரித்தார். ஆனால் முழுப் புள்ளியையும் வெட்ட விடவில்லை. மூடுவதை நிறுத்தச் சொல்லி மின்நிலையக் கம்பனி கேட்டபோது இவர் நிறுத்தவில்லை என்பதற்கு ஒரு கடிதம் இருந்தது. "நிப்பாட்டாமல் விட்டதுக்கு அரைவாசி" என்றார். பிடிக்காத ஆளுக்கும் சேர வேண்டியதைக் கொடுக்க வேண்டும் என்பதில் அவர் பிடிவாதம்.

தண்ணீர்ச் சோதனையாளர்களின் எண்ணிக்கையை அந்த ஆளுநர் குறைத்ததற்கும், தொழிற்சாலைகளின் பக்கம் நிற்கிற ஆள் ஒருவரைக் கண்காணிப்புச் சபைக்குத் தலைவராக வைத்ததற்கும் சைபர் போட்டார். அதை எழுதும்போது அவருக்கு ஒரு மகிழ்ச்சியும் இருக்கவில்லை. "சைபர் போடேக்கை ரெண்டு தரம் பாக்க வேணும். முழு மார்க்ஸ் போடேக்கை மூண்டு தரம்" என்றார்.

*

ஏழாம் தாளை நாங்கள் மூன்று தரம் பார்க்கவில்லை.

அந்தத் தாள் கிணறுகளைப் பற்றியது. முலாம் பூசுகிற தொழிற்சாலைகளுக்குக் கிட்ட இருக்கிற வீட்டுக் கிணறுகளைக் கம்பனியே தன் செலவில் வருடந்தோறும் சோதித்து, முடிவை வீட்டுக்காரருக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று ஒரு விதி. அந்த மாநிலம் வாரந்தோறும் வெளியிடுகிற அரச பதிவிதழில் அது அச்சாகியிருந்தது. அண்ணை அந்த இதழைக் கெசற் என்றுதான் சொல்லுவார். எங்கள் ஊரில் வர்த்தமானி என்று வருவதும் அதுதானே. பக்கத்தை அச்செடுத்து மேசையில் வைத்துக்கொண்டு, நெடுநாள் தேடியது கிடைத்த ஆள் மாதிரி இருந்தார்.

நான் தலைப்பை வாசித்தேன். விதி என்ற சொல்லுக்கு முன்னால் இன்னொரு சொல் இருந்தது. அகராதியில் பார்த்தேன். உத்தேசம், முன்மொழிவு என்று இருந்தது.

"அண்ணை, உது இன்னும் முடியேல்லைப் போல கிடக்கு."

"எது?"

"உத்தேசம் எண்டு போட்டிருக்கு."

"தங்கச்சி, இருபத்திரண்டு வருசம் நான் கெசற் பாத்து வேலை செய்தனான். அதிலை வந்தால் வந்ததுதான். ஊரில எங்கட காணியை அரசாங்கம் எடுத்ததும் அப்பிடித்தான். வெள்ளிக்கிழமை கெசற்றில வந்தது, திங்கக்கிழமை கம்பி அடிச்சவங்கள். பிறகு ஆர் மாத்திறது?"

நான் பேசாமல் இருந்துவிட்டேன். அவர் சொன்னது எனக்கும் அப்படித்தான் பட்டது. எங்களுக்கு வர்த்தமானியில் அச்சானது நடந்து முடிந்த விசயம். ஓர் அரசாங்கம் தான் நினைத்ததை அச்சடித்துச் சனத்திடம் அபிப்பிராயம் கேட்கும், பிறகு சத்தமில்லாமல் கைவிட்டுவிடும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. ஆனால் அவருக்குத் தோன்றாததும் எனக்குத் தோன்றாததும் ஒன்றல்ல. அவர் அந்தச் சொல்லைப் பொருட்படுத்தவில்லை. நான் கவனித்தேன், அகராதியில் பார்த்தேன், அர்த்தத்தைக் கொப்பியிலும் எழுதினேன். அவர் கச்சேரியில் இருந்தவர், நான் பத்தாம் வகுப்பு என்று நினைத்து விட்டுவிட்டேன். அதை மரியாதை என்று அப்போது நினைத்தேன்.

ஏழாம் தாளில் முழுப் புள்ளி போட்டார். அந்த ஆளுநருக்கு நாங்கள் கொடுத்த ஒரே முழுப் புள்ளி அதுதான்.

அறிக்கையை அறுபத்து நான்கு பிரதி எடுத்தோம். அங்கே உறவுக்காரர் உள்ள குடும்பங்களுக்கும், அங்கேயே இருக்கிறவர்களுக்கும் அனுப்பினோம். யாருக்கு எந்தப் பிரதி போனது என்று இலக்கம் போட்டு நான் எழுதி வைத்தேன். நல்ல பெயர் கிடைத்தது. பங்குச் சுவாமி பூசையில் எங்களைப் பற்றிச் சொன்னார். ரூபி எடுத்து, "அக்கா, அண்ணைக்குச் சொல்லு, எங்களுக்கு இருந்த யோசினை போச்சு. கம்பனி ரெஸ்ட் பண்ணத்தானே வேணும், பிழை எண்டால் அறிவிப்பினம்தானே" என்றாள். அந்த மாதத்தோடு அவர்கள் போத்தல் தண்ணீர் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். அவளுடைய மகனுக்கு ஐந்து வயது. அவனும் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடித்தான். அவள் வாக்கையும் அந்த ஆளுநருக்கே போட்டாள். அவர் வென்றார்.

*

குளிர்காலம் முழுக்க ரூபி சோதிக்க வருகிற ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவரும் வரவில்லை. மாசியில் மாநில அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறாள். அந்த விதி உத்தேசமாக வெளிவந்ததோடு சரி. குறித்த காலத்துக்குள் இறுதி விதியாக அறிவிக்கப்படாததால் காலாவதியாகிவிட்டது என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். அது காலாவதியானது எங்கள் அறிக்கை வருவதற்கு முதலே.

"அக்கா, அப்பிடி ஒரு சட்டமே இல்லையாம்" என்றாள் ரூபி. "பெடியன் ஆறு மாசமாக் குடிக்கிறான்."

அன்றைக்கே தண்ணீர் மாதிரியைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பச் சொன்னேன். பிறகு அண்ணையிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் செபமாலையும் கையுமாக இருந்தேன். அவருக்கு இருதயத்தில் ஏற்கெனவே ஒரு சத்திரசிகிச்சை செய்திருந்தது. ஏதும் நடந்துவிட்டால் என்ற பயம். மூன்றாம் நாள் வியாழக்கிழமை. போனேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஃபைலை எடுத்து ஏழாம் தாளைத் திறந்து, அச்செடுத்த பக்கத்தின் தலைப்பில் விரலை வைத்து மெதுவாக வாசித்தார்.

"நீ அண்டைக்குச் சொன்னனி."

"ஓம் அண்ணை. சொல்லிப்போட்டு விட்டிட்டன்."

"நான் கேக்கேல்லை. நீ திருப்பிச் சொல்லேல்லை." பேனையை எடுத்தார். "ரெண்டையும் எழுதுவம்."

தாளின் ஓரத்தில் முழுப் புள்ளியை ஒற்றைக் கோட்டால் வெட்டி, சைபர் போட்டுத் தன் பெயரை எழுதினார். வெட்டினதும் தெரிய வேண்டும் என்பதற்காக அவர் எப்போதும் ஒற்றைக் கோடுதான் போடுவார். விதி இல்லை என்றால் பூச்சியம்தானா, அவர் முயற்சியாவது செய்தாரே என்று நான் கேட்டேன். "கடைசிக் கையெழுத்து அவரிட்டை இருந்தது. வைக்கேல்லை. வைக்காமல் விட்டதும் ஒரு வேலைதான்" என்றார்.

பிறகு பட்டியலைக் கேட்டார். அறுபத்து நான்கு பேருக்கும் தானே தொலைபேசி எடுக்கப்போவதாகச் சொன்னார். கடிதம் போடலாமே என்றேன். "கடிதத்தைச் சனம் மேசை லாச்சிக்குள்ளை போடும். கோல் எடுத்தால் கேக்கத்தானே வேணும்." ஒரு நாளைக்கு இரண்டு பேர், மூன்று பேர். சிலர் ஏசினார்கள். ஒருவர், "படிச்ச மனிசன் நீங்கள், உதை முதலே பாத்திருக்கக்கூடாதோ?" என்று கேட்டாராம். "பாத்திருக்க வேணும்" என்று இவர் சொன்னாராம். திங்கட்கிழமை பின்னேரம் இருபத்தாறாவது ஆளுக்கு எடுத்தார். செவ்வாய் காலை ஜெரோம் எனக்கு எடுத்தான்.

*

அடக்கம் முடிந்து நான்கு நாள் கழித்து நினைவு மலரைப் பற்றிக் கதைக்க ஜெரோம் என்னைக் கூப்பிட்டான். அந்த வீட்டில் அவனும் செசிலி அக்காவும் அண்ணையின் பழைய சிநேகிதர் ஒருவரும் இருந்தார்கள். அறிக்கையை அப்படியே மலரில் போட வேண்டும் என்பது ஜெரோமின் விருப்பம்.

"அன்ரி, இட் வாஸ் ஹிஸ் பெஸ்ற் வேர்க். அப்பாண்ட பேரோட அது இருக்கணும்."

ஏழாம் தாளைப் பற்றிச் சொன்னேன். அவனுக்குத் தெரியாது. தகப்பன் ஏன் ஒவ்வொரு நாளும் தொலைபேசியில் இருந்தார் என்றும் அவன் கேட்டிருக்கவில்லை. முகம் மாறிவிட்டது.

"அப்ப அந்த ஒரு பேஜை விட்டிடுவம். பதினொண்டைப் போடுவம்."

"அதுதான் சரி" என்றார் சிநேகிதர். "செத்த மனிசன்ர பிழையை ஏன் பிள்ளை ஊருக்கு அச்சடிக்கிறியள்? மிச்ச ஆக்களுக்கு நீ ஃபோன் எடுத்து இரகசியமாச் சொல்லிவிடன்."

அந்த நிமிடம் வரைக்கும் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். முப்பத்தெட்டுப் பேர், ஒரு பட்டியல், நான் எடுத்து முடித்துவிடலாம். ஆனால் ஜெரோம் தன்னுடைய தொலைபேசியை எடுத்து, "எல்லாரும் இந்த பேஜைத்தானே ஷெயார் பண்ணினவை" என்று காட்டினான். ஏழாம் தாளின் படம். முழுப் புள்ளி, கீழே அண்ணையின் கையெழுத்து, பக்கத்தில் என்னுடையது. அது அவனுக்கு வந்தது மிசிசாகாவில் அவனோடு வேலை செய்கிற ஒருவரிடமிருந்து. அவருக்கு யார் அனுப்பினது என்று அவருக்கே தெரியாது. என்னுடைய பட்டியலில் அந்த மனிதருடைய பெயர் இல்லை.

அறுபத்து நான்கு என்று நான் இலக்கம் போட்டு வைத்திருந்தது ஒன்றும் இல்லாமல் போயிற்று. பன்னிரண்டு தாளில் சனம் படம் எடுத்து அனுப்பியது நல்ல செய்தி இருந்த ஒரு தாளைத்தான். அது எத்தனை வீட்டுக்குப் போயிருக்கிறது, எந்தெந்த வீட்டில் போத்தல் தண்ணீரை நிறுத்தினார்கள் என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

"பிழை எண்டு மலரில போடத்தான் வேணும்" என்றேன். "என்ர பேரையும் போட்டு."

சிநேகிதர் தலையை ஆட்டிக்கொண்டு யன்னலைப் பார்த்தார். ஜெரோம் தாயைப் பார்த்தான். செசிலி அக்கா மடியில் துவாயை மடித்தபடி இருந்தா.

"நாப்பத்தி மூண்டு வருசம்" என்றா. "கறிக்கு உப்புக் கூட எண்டு சொன்னாலும் சொல்லாட்டிலும், அந்த மனிசன் ஒருநாள், ஒரேயொருநாள், என்னட்டை தான் பிழை எண்டு ஒத்துக்கொண்டதில்லை. ஊருக்கெல்லாம் ஃபோன் எடுத்து ஒத்துக்கொண்டிருக்கிறார். அதைப் போடுங்கோ. எனக்கும் ஒரு கொப்பி வேணும்."

சிநேகிதருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அக்கா அழுதா. நாங்களும்.

*

ஆகவே இதை இங்கே எழுதுகிறேன். ஆளுநர் பற்றிய எங்கள் அறிக்கையில் ஏழாம் தாளுக்கு முழுப் புள்ளி என்று இருப்பது பிழை. சரியான புள்ளி பூச்சியம். கிணறுகளைக் கம்பனி சோதிக்க வேண்டும் என்ற விதி அந்த மாநிலத்தில் இல்லை. அது உத்தேசமாக அச்சாகி, ஆளுநர் இறுதிக் கையெழுத்து வைக்காமல் காலாவதியானது. உங்களிடமோ உங்கள் உறவுகளிடமோ அந்தத் தாளோ அதன் படமோ இருந்தால், வந்த வழியாலேயே இந்தப் பக்கத்தையும் படம் எடுத்துத் திருப்பி அனுப்புங்கள். அங்கே தொழிற்சாலைக்குக் கிட்டக் கிணறு வைத்திருக்கிறவர்கள், நீங்களாகவே தண்ணீரைச் சோதிக்கக் கொடுக்கும்வரை குடிக்க வேண்டாம். ஒருவரும் உங்களுக்காகச் சோதிக்கவில்லை.

ரூபியின் கிணற்று முடிவு போன கிழமை வந்தது. தண்ணீரில் பழுதில்லை. நன்றிப் பூசை ஒன்றுக்குச் சொல்லிவிட்டேன். ஆனால் அவளுடைய கிணறு நல்லதாக இருந்தது கடவுளின் இரக்கம். எங்கள் தாள் அதனால் சரியாகிவிடவில்லை. அடுத்த கிணறு எப்படி என்று எனக்குத் தெரியாது.

முப்பத்தெட்டுப் பேரில் முப்பத்தொரு பேருக்கு எடுத்துவிட்டேன். அண்ணை எப்படி எடுத்தார் என்று செசிலி அக்காதான் சொன்னா. ஹலோ சொன்ன கையோடு, சுகம் கேட்கிறதுக்கு முதல், "அருளப்பு கதைக்கிறன், நான் பிழையா எழுதிப்போட்டன்" என்று தொடங்குவாராம். சுகம் விசாரிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதானாம். முதலில் சுகம் கேட்டால், கதை வளர்ந்து, மரியாதை வந்து, சொல்ல வந்ததைச் சொல்ல மனம் வராமல் போய்விடும் என்று அக்காவுக்கு விளக்கமும் சொன்னாராம்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒழுங்கைத்தான். ஃபைலை ஜெரோம் வைத்திருக்கிறான், அவன் வைத்திருக்கட்டும். எனக்கு இன்னும் ஏழு பேர் இருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் இலக்கத்தை அழுத்திவிட்டு, அந்தப் பக்கம் எடுக்கும்வரை, வைத்துவிடலாமா என்று நினைக்கிறேன். எடுத்ததும் சொல்லுகிறேன்: ஸ்ரெல்லா கதைக்கிறன், நான் கண்டும் சொல்லாமல் விட்டனான்.